மேசைக்கு முன் ரௌட்டர்: டர்பனில் வீட்டிலிருந்து வேலை

வீட்டிலிருந்து வேலை செய்ய இடம் அமைப்பது பற்றி எங்கே படித்தாலும் முதலில் நாற்காலி வரும். அப்புறம் மேசை, அதன்மேல் ஒரு விளக்கு, ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்த வரிசைப்படியே காசைச் செலவழித்த பலரை எனக்குத் தெரியும். விலையுயர்ந்த நாற்காலியில் சாய்ந்தபடி, அணைந்துபோன ரௌட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இந்த ஊரில் எது நின்றால் வேலை நின்றுபோகுமோ அதற்குத்தான் முதல் ராண்ட் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் மின்சாரம், இணையம், வெளிச்சமும் வெக்கையும், வீட்டு மனிதர்கள் என்று வரிசை போகும். நாற்காலி அதற்கும் பின்னால்தான்.

தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெட்டிங், அதாவது பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, புதிதல்ல. 2007 கடைசியில் தொடங்கி, 2008 ஜனவரியில் நாடு முழுவதும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அரசு மின்நிறுவனமான எஸ்காமின் அனல்மின் நிலையங்கள் பழசாகி அடிக்கடி பழுதாக, தேவைக்கும் உற்பத்திக்கும் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை ஆயிரம் மெகாவாட் கணக்கில் ‘ஸ்டேஜ்’ என்று பிரித்தார்கள். ஸ்டேஜ் ஆறு என்றால் ஆறாயிரம் மெகாவாட் குறைவு. ஒவ்வொரு பகுதியும் முறை வைத்து, நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் இருக்கும். 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு வந்தபோது அலுவலகங்கள் வீட்டுக்கு வந்தன. அடுத்த மூன்று வருடங்களில் லோட்ஷெட்டிங் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு மோசமானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த காலத்தில்தான் இங்கே வீட்டு அலுவலகம் என்ற ஒன்று உருவானது. இன்றைக்கும் அதன் வடிவத்தில் அந்தக் காலத்தின் தடம் இருக்கிறது. டர்பனின் இந்தியர் பேட்டைகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டுக்குள் போனால், டிவிக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் வண்டி ஒன்று, மேலே துணி போர்த்தி, பூச்சாடிக்கு ஸ்டாண்டாக நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த வண்டிகளில் பல ஏன் ஒரு வருடத்திலேயே செத்துப்போயின என்பது தெரிந்தால் அடுத்து என்ன வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் விற்றவற்றில் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் கணக்குக்கு 1,200 வாட்-மணி. ஆனால் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, உண்மையில் கையில் இருப்பது 600. அதைத் திரும்ப நிரப்பவும் பொறுமை வேண்டும்: சாதாரண சார்ஜரில் எட்டு, பத்து மணி நேரம். ஸ்டேஜ் ஆறில் அடுத்த முறை இருட்டு வருவதற்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. பாதி நிரம்பிய பேட்டரியை மறுபடி இறக்கி, மறுபடி பாதி நிரப்பி, அப்படியே போய் முடிந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம்தான். ஆனால் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம், வேகமாக ஏறும், ஆயிரக்கணக்கான சுற்று தாங்கும். இப்போது வாங்குவதாக இருந்தால் மலிவான ஈய-அமிலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பேன்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கும் முன் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மடிக்கணினி சாதாரண வேலையில் 20, 30 வாட் இழுக்கும். 24 அங்குலத் திரை ஒரு 25. ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15. எல்இடி விளக்கு 9, மேசை மின்விசிறி 40. எல்லாம் சேர்ந்து 120 வாட்டைத் தாண்டாது. இரண்டரை மணி நேரத்துக்கு 300 வாட்-மணி போதும். கெட்டில் மட்டும் 2,000 வாட்; டீயை இருட்டுக்கு முன்பே ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது இங்கே எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை.

இதைவிடச் சின்னச் செலவும் உண்டு. மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும் என்றால், அணையப் போவது ரௌட்டர் மட்டும்தான். அதற்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. சுவர் பிளக்குக்கும் ரௌட்டருக்கும் நடுவில் செருகிவிட வேண்டியதுதான். பெட்டியின்மேல் 8,800 மில்லிஆம்பியர்-மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. பெருக்கினால் முப்பத்திரண்டரை வாட்-மணி. 15 வாட் இழுக்கும் ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் அது காகிதத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது போகும் நஷ்டத்தைக் கழித்தால் இரண்டுக்குச் சற்றுக் கீழே. லோட்ஷெட்டிங் இரண்டு மணி நேரம், மின்சாரத்தைத் திருப்பி விட இன்னும் அரை மணி. எனவே மீட்டிங் முடியும் கட்டத்தில்தான் எப்போதும் இணையம் போகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுவார்கள். அவர் சொன்ன எண் சரிதான், அது வேறு வோல்ட்டேஜின் எண். தேவைக்கு இரண்டு மடங்கு வாங்குங்கள், செல்கள் வயதாவதற்கும் அதில் இடம் இருக்கும்.

2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் லோட்ஷெட்டிங்கே இல்லை. 2025 ஜனவரி கடைசியில் திடீரென்று திரும்பி வந்து சில நாட்களில் போனது. அப்போது யுபிஎஸ்ஸை மச்சான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டவர்கள் அவசரமாகத் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் லோட்ஷெட்டிங் குறைந்ததும் மின்தடை குறைந்துவிடவில்லை. நிலத்தடிக் கேபிளைத் திருடுகிறார்கள், தெருமுனைத் துணைமின் பெட்டி பழுதாகிறது, கோடை இடிமழையில் மரம் விழுகிறது. இவற்றுக்குக் கால அட்டவணை கிடையாது. செயலியைத் திறந்து பார்த்து மீட்டிங்கைத் தள்ளி வைக்க முடியாது. ஒருவகையில் இது லோட்ஷெட்டிங்கைவிடத் தொந்தரவு.

மின்சாரம் போவதைவிட வருவதுதான் சாமான்களைக் கொல்கிறது. தெரு முழுக்க கீசரும் ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் இழுக்க, வோல்ட்டேஜ் துள்ளும். ஃபைபர் பெட்டியின் அடாப்டர் முதலில் போகும், ஏனென்றால் அது பொதுவாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராகச் சுவரில் செருகியிருக்கும். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக் அதற்கும் வேண்டும். இருட்டானதும் டிபி போர்டில், அதாவது வீட்டு மின்விநியோகப் பலகையில், கீசரை அணைத்துவிட்டு, மின்சாரம் வந்து பத்து நிமிஷம் கழித்துப் போடுவது தெருவுக்கே செய்யும் உபகாரம்.

இணையத்தில் ஒரு விஷயம் பலருக்குப் புதிராக இருக்கும். ஊரே இருண்டிருக்கும்போது ஃபைபர் ஓடுகிறது, மொபைல் டேட்டா திணறுகிறது. வழக்கமான வீட்டு ஃபைபரில் தெருவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. ஒளி கண்ணாடி இழையில் போய்க்கொண்டே இருக்கும். நிறுவனத்தின் நிலையத்தில் ஜெனரேட்டரோ பேட்டரியோ ஓட, வீட்டில் உங்கள் யுபிஎஸ் ஓட, நடுவில் கவலையில்லை. மொபைல் கோபுரம் அப்படியல்ல. அதன் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான், அடுத்தடுத்து இருட்டு வந்தால் முழுதாக நிரம்ப நேரமில்லை, அதோடு அந்தப் பேட்டரிகளையே திருடிப் போகிற கும்பல்கள் உண்டு. மீதி இருக்கும் கோபுரத்தில் பேட்டை முழுவதும் ஒரே சமயத்தில் போனில் ஹாட்ஸ்பாட் போடும். எனவே ‘ஃபைபர் போனால் போன் இருக்கிறது’ என்று நம்பியிருப்பவர்கள், ஒரு மின்தடை நேரத்தில் ஃபைபரை அணைத்துவிட்டு உண்மையில் போன் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வெளிச்சத்தில் செய்த சோதனை எதையும் சொல்லாது.

சில இடைஞ்சல்கள் நம் கையில் இல்லை. 2024 மார்ச் 14-இல் ஐவரி கோஸ்ட் கடலடியில் நான்கு இணையக் கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. டர்பனிலும் அலுவலக மென்பொருள்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன, வீட்டு ரௌட்டரில் எந்தத் தப்பும் இல்லாமலே. டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினி கடற்கரையில் சீகாம், ஈஸி கேபிள்கள் கரையேறுகின்றன. அதே ஆண்டு மே மாதம் அந்த இரண்டும் இந்தக் கரையோரத்திலேயே அறுந்தன. இப்படிப்பட்ட நாட்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: அன்றைய வேலைக்கு வேண்டிய கோப்புகள் கணினியிலேயே இருப்பது, மேலாளரின் போன் எண் காகிதத்தில் இருப்பது.

தண்ணீரையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் லாரி வந்த சத்தம் கேட்டதும் மீட்டிங்கிலிருந்து எழுந்து வாளியோடு ஓடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். பின்கட்டில் ஒரு ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைப்பது அலுவலகச் செலவுதானா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை ஆமாம்.

அடுத்து, எந்த அறை? இங்கே கொஞ்சம் சரித்திரம் பேசாமல் முடியாது. மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்திய 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் தமிழர்கள் உட்பட இந்திய வம்சாவளியினரை கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. பிறகு எழுபதுகளின் நடுவில் ஃபீனிக்ஸ் வந்தது. நகராட்சி கட்டிய வீடுகள் சின்னவை, பல வீடுகள் பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. பெரிய குடும்பங்கள் பிறகு தங்கள் கைக்காசில் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிக்கொண்டன. இந்த வீடுகளில் ‘சும்மா இருக்கும் அறை’ என்று ஒன்று அபூர்வம். ஒன்று இருந்தால் அது சாமி அறை. சாமி அறையில் மேசை போட எந்த வீட்டு ஆயாவும் (பாட்டியும்) சம்மதிக்க மாட்டார், போடவும் கூடாது. காலையிலும் மாலையிலும் விளக்கேற்றி சாம்பிராணி போடும் இடத்தில் யாரும் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாது.

மிச்சம் இருப்பது பின்கட்டு அவுட்பில்டிங். கல்யாணமான மகனுக்கோ வாடகைக்காரருக்கோ கட்டிய ஒற்றை அறை. வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது: தனிக் கதவு, தனிக் கழிப்பறை, பிரதான வீட்டின் டிவி கேட்காது. ஆனால் வைஃபையும் கேட்காது. சிமெண்ட் பிளாக் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் ஒட்டிய வீடுகளின் ரௌட்டர்கள் எல்லாம் அதே மூன்று சேனல்களில் அடித்துக்கொண்டிருக்கும். வேகம் அதிகமான பிளானுக்கு மாறுவது இதற்குத் தீர்வல்ல. வீடியோ மீட்டிங்குக்கு 4 மெகாபிட் போதும், 20 மெகாபிட் இணைப்பே ஏராளம். வெளிப்புறத்துக்கான லேன் கேபிள் ஒன்றைக் குழாய்க்குள் விட்டு அவுட்பில்டிங் வரை இழுத்துவிட்டால் பிரச்சினை அன்றோடு முடிந்தது. சிக்னலைப் பெருக்கும் கருவிகளுக்கு மாதாமாதம் காசு கரைப்பதைவிட அது மலிவு.

மேசையை எந்தப் பக்கம் போடுவது என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: வாஸ்துப்படி கிழக்கோ வடக்கோ பார்த்து உட்கார வேண்டும். சாஸ்திரத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் டர்பன் தெற்கே முப்பது பாகையில், மகர ரேகைக்கும் கீழே இருக்கிறது. நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்கில்தான். டிசம்பரில் கிட்டத்தட்டத் தலைக்குமேல். ஜூனில் முப்பத்தாறு, முப்பத்தேழு பாகை உயரத்துக்கு இறங்கி, வடக்கு ஜன்னல் வழியாக அறையின் உள்வரை வந்துவிடும். வடக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் அந்த மாதங்களில் மத்தியானம் முழுக்கக் கண் கூசும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் எதிரொளி, கேமராவில் முகம் கறுப்பாக. ஜன்னல் பக்கவாட்டில் வருவது போல் மேசையைத் திருப்பிவிட்டால் இரண்டும் இல்லை. கிழக்குப் பார்த்து உட்கார்ந்து வடக்கு ஜன்னலை இடப்பக்கம் விட்டால் வாஸ்துவும் நிறைவேறியது. தெற்கு ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் இன்னும் விசேஷம், அங்கே நாள் முழுக்க சீரான வெளிச்சம். மேற்கு ஜன்னல் அறையைக் கோடையில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கோடையில் டர்பனின் பிரச்சினை சூட்டைவிட ஈரப்பதம். ஏசி ஓடினால் நிம்மதி, ஆனால் மின்தடையில் அதை இன்வெர்ட்டரில் ஓட்டும் அளவுக்கு பேட்டரி வாங்குவது பணக்காரர் விளையாட்டு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு மின்விசிறியை வைப்பதே நடைமுறை. ஜன்னலைத் திறந்தால் வேறு விருந்தாளிகள் வருவார்கள். வெஸ்ட்வில் பக்கம் மரங்கள் அடர்ந்த தெருக்களில் வெர்வெட் குரங்குகள் பட்டப்பகலில் கூட்டமாக வரும். பர்க்ளர் கார்டு கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும். மேசையில் வாழைப்பழம் இருந்தால் போச்சு. பழத்துக்குப் பாய்வதில் கீபோர்டு தரையில் கிடக்கும். கம்பிக்குமேல் வலை அடியுங்கள். ஹடீடா பறவையின் கூச்சலுக்கு வலை கிடையாது. வாய்க்கு அருகே மைக் வரும் ஹெட்செட் அதைப் பாதி குறைக்கும், மீதிப் பாதியை மீட்டிங்கின் மறுமுனையில் இருக்கும் லண்டன்காரர்கள் ரசிக்கிறார்கள்.

மேசை, நாற்காலி பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில். முழங்கை மேசை மட்டத்தில், பாதம் தரையில். மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றித் தனி கீபோர்டு போட்டால் கழுத்துவலியில் பெரும்பகுதி தீரும். நாற்காலியைக் கடையில் அரை மணி உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். கடலோர வீடானால் துணி உறையில் பூஞ்சை பிடிக்கும், வலைமுதுகு தேவலை.

இனி வீட்டு மனிதர்கள். டர்பனில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களில் பலர் பிரிட்டன் நேரத்துக்கு உழைப்பவர்கள். உம்லாங்கா பக்கம் கால் சென்டர்கள் பெருகியதற்கு அந்த நேர நெருக்கமும் ஒரு காரணம். இங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை, அங்கே மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிறு மாற்றுகிறார்கள். அவர்களுடைய கோடையில் லண்டனின் ஒன்பது மணி நமக்குப் பத்து. அக்டோபர் கடைசிக்குப் பிறகு பதினொன்று. வேலை முடிவது மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தள்ளிப் போகும். ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அது விளக்கேற்றும் நேரம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் நேரம், சித்தி எட்டிப் பார்க்கும் நேரம். வீட்டில் சண்டை அந்த வாரத்தில்தான் தொடங்கும், காரணம் யாருக்கும் புரியாது. காலண்டரில் அந்த ஞாயிறை முன்கூட்டியே வட்டமிட்டு, சாப்பாட்டு முறையை மாற்றிப் பேசிவைப்பது எந்த நாற்காலியையும்விட அதிகம் உதவும். சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கு வேறு அவஸ்தை: அங்கே ஒன்பதரை என்றால் இங்கே காலை ஆறு. அவர்கள் மத்தியானமே முடித்துவிடலாம், முடித்தால்.

“வீட்டில்தானே இருக்கிறாய்” என்பதுதான் இங்கே எல்லாருக்கும் கிடைக்கும் வாக்கியம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேட்டைத் திற, பார்சல் வாங்கு, அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போ, பள்ளியிலிருந்து அண்ணன் மகளை அழைத்து வா. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். மொத்தமாக மறுத்தால் வீட்டில் நிம்மதி போகும், மொத்தமாக ஒப்புக்கொண்டால் வேலை போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேலை பார்க்கும் பேத்தி மீட்டிங்கில் இருந்தால் கதவுப்பிடியில் சிவப்புத் துணி, வெறும் வேலை என்றால் ஒன்றும் இல்லை. துணி இல்லாதபோது யாரும் தட்டலாம். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கணினி தெரியாது, துணி தெரியும். பதிலுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் அந்தப் பேத்தி குடும்பத்துக்கு. அந்த நேரத்தில் எந்த வேலையும் சொல்லலாம். தடை மட்டும் போட்ட வீடுகளில் இது நிலைத்ததைப் பார்த்ததில்லை.

கடைசியாக வரித்துறை. தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் வீட்டு அலுவலகத்துக்கு வரிக்கழிவு தருகிறது, ஆனால் அறை வேலைக்கென்றே தயார் செய்யப்பட்டு, தொடர்ந்து, வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். சம்பளக்காரராக இருந்தால், வேலையில் பாதிக்கு மேல் அந்த அறையில் நடந்திருக்கவும் வேண்டும். சாப்பாட்டு மேசை ஆகாது. மூலையில் இஸ்திரிப் பலகையும் விருந்தாளிக் கட்டிலும் கிடக்கும் அறையும் ஆகாது. அவுட்பில்டிங் இங்கே வசதி: பன்னிரண்டு சதுர மீட்டர் அறை, மொத்தக் கட்டடம் நூற்றிருபது என்றால் வாடகை, நகராட்சி வரி, மின்கட்டணம் ஆகியவற்றில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கலாம். சொந்த வீடானால் கேட்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது, குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் மூலதன ஆதாய வரிச்சலுகை அந்தப் பங்குக்குக் கிடைக்காது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் நிறுவனத்திடமிருந்து வீட்டிலிருந்து வேலை என்று ஒரு கடிதமும், அறையின் அளவு காட்டும் வரைபடமும், மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான பில்களும் ஒரு கோப்பில் போட்டு வைத்தால் போதும்.